பச்சைச் சுவர்

வீடு கட்டி முடித்ததில் மிஞ்சியவை
இருநூற்றுப் பன்னிரண்டு செங்கல்,
அரை மூட்டை சிமெண்ட்,
ஒரு சண்டை.

தண்ணித்தொட்டிக்கு மேடை கட்டலாம் என்றார் வனராஜ்.
அடுப்பு கட்டணும் என்றேன்.
உள்ளேதான் கேஸ் இருக்கே.
வெளியே.
வெட்டவெளியில்.
கறி சுட.

அதற்குமேல் அவர் பேசவில்லை.
பதினோரு வருசம் அவரும்தான் கூட இருந்தார்.

எல்லீஸ் நகர் வீட்டுக்காரர் நல்ல மனுசர்.
சமைச்சுக்குங்க,
வாசனை மட்டும் வரக்கூடாது என்றார்.
ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்களைச் சாத்தி
டிவியைக் கத்த விட்டு
நாலு ஊதுபத்தி ஏற்றிவிட்டுத்தான்
குக்கருக்கு வெயிட் போடுவேன்.
எலும்பைத் தாளில் சுற்றி
தாளைப் பையில் சுற்றி
திங்கள் காலை சாப்பாட்டுப் பையோடு கொண்டுபோய்
பைபாஸ் தொட்டியில் போடுவார் இவர்.
ஒருநாள் பை மாறிவிட்டது.
மத்தியானம் ஆபீஸில் பசியோடு சிரித்தாராம்.

ஊமச்சிகுளத்துக்கு வடக்கே மூன்று சென்ட் இது.
கொய்யாக் கன்றுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே
எட்டடி இடம்.
கல்லை முந்தின ராத்திரியே ஊறப்போடுங்க என்றார்
கொத்தனார் ஒச்சப்பன்,
வறண்ட கல்லு கலவையோட தண்ணியைக் குடிச்சிரும்.
சொல்லிவிட்டு
அடுத்த வேலைக்கு மேலூர் போய்விட்டார்.
நாங்களே கட்டினோம்.
மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறப்பு,
இடுப்பு உயரத்தில் கம்பி வலை.
நாலாவது வரிசையில் இடதுபக்கம் சாய்ந்தது.
பிரித்தோம்.
மறுபடி சாய்ந்தது.
இருந்துட்டுப் போகட்டும் என்று விட்டோம்.

உள்வரிசைக்கு மட்டும் வேறு கல்.
இடித்த பேக்கரியில் வாங்கிய மஞ்சள் கல் நாற்பது.
தீயிலேயே கிடந்ததுக்குத்
தீ என்ன செய்யும் என்றார் விற்றவர்.
தர்ஷிகா ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து
ஒன்றில் மட்டும் பன் வாசனை இருப்பதாக
சத்தியம் செய்தாள்.

பச்சைச் சுவர்.
உடனே தீ வைத்தால் வெடிக்கும்.
மூன்று வாரம் நனைக்கணும்.
விடிகாலையில் குளித்து
ஈரத்தலையோடு
ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன்.
சாக்கைச் சுற்றிக் கட்டி
இன்னொரு குடம்.

எதிர்வீட்டு மாடியிலிருந்து
அழகுராக்கு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இரண்டாம் செவ்வாய் போய்ப் பார்த்தால்
சாக்கின் மேல் எலுமிச்சம்பழம்,
மூன்று அரளிப்பூ,
செங்கலில் குங்குமம்.
எந்தச் சாமி தங்கச்சி? என்றாள் சுவருக்கு அந்தப்பக்கம் நின்று.
சாமி இல்லக்கா, அடுப்பு.
அவள் நம்பவில்லை.
அடுப்புக்கு யாரு தலைக்கு ஊத்திட்டு வந்து
தண்ணி தெளிப்பா?
சொல்ல வேணாம்னா விடு.
துடியான சாமியா இருக்கும்.

குங்குமத்தை அழிக்க
வனராஜுக்குக் கை வரவில்லை.
எனக்கும்தான்.

இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம்.
கொட்டாங்கச்சிக் கரி,
மிளகும் பூண்டும் தடவி
காலையிலேயே ஊறவைத்த கோழி.
கொழுப்பு சொட்டி முதல் புகை எழுந்தபோது
காற்று கிழக்கே திரும்பி
தெரு முழுக்கக் கொண்டுபோனது.
நான் ஓடிப்போய் அடுப்படி ஜன்னலைச் சாத்தினேன்.
சாத்திவிட்டு
கொண்டியில் வைத்த கையோடு
அங்கேயே நின்றேன்.

வெளியே வந்தால்
தர்ஷிகா நிற்கிறாள்,
கையில் நாலு ஊதுபத்தி.
ஏத்தவாம்மா?
கறி என்றால் ஊதுபத்தி என்று
வளர்ந்த பிள்ளை.
வேணாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள்
கரியிலேயே பற்றவைத்து
சாய்ந்த வரிசையின் இடுக்கில் செருகிவிட்டாள்.

மாடியில் அழகுராக்கு
கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கோழி ஒருபக்கம் கருகி
மறுபக்கம் வேகவில்லை.
வலையை இன்னும் ரெண்டு கல் ஏற்றணும்.
இருந்தும் பத்தாவது நிமிசம்
கேட்டுக்கு வெளியே தட்டோடு நின்றாள் அவள்.
படைச்சதுல எனக்கு
தொடைக்கறியாக் குடு என்றாள்.